சுங்கை சிப்புட்டிலிருந்து ஜெனீவாவுக்குக் கொண்டுபோன கேள்வி

எங்கள் சுங்கை சிப்புட்டில் இருக்கும் மகாத்மா காந்தி கலாசாலையை 1954இல் திறந்துவைத்தவர் விஜயலட்சுமி பண்டிட். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறு நகரில் அந்தப் பள்ளியை எழுப்பியவர், பின்னாளில் அமைச்சரான துன் வீ. தி. சம்பந்தன். உலக நாடுகளின் சபையில் தலைமை நாற்காலியில் அமர்ந்த ஒருவர் நம் ஊர் மண்ணில் நின்று தமிழ்ப் பள்ளி ஒன்றைத் திறந்துவைத்திருக்கிறார் என்றால், ஐ.நா.வுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று எவரும் கேட்க வேண்டியதில்லை.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவ மாணவர்களிடம் பேசும்போது இதைத்தான் முதலில் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தில் அனைத்துலக உறவுகள் படித்த காலத்தில், ஜெனீவாவில் உள்ள அனைத்துலக அமைப்புகளைப் பார்த்துவரும் கல்விப் பயணத்தில் நானும் ஒருத்தி. திரும்பி வந்த நாள் முதல் ஊரில் கேட்கப்படும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன. எவ்வளவு செலவானது, விசா கிடைத்ததா, அங்கே போய் என்ன செய்தீர்கள், நம் பிள்ளைகளும் போக முடியுமா? எனக்குத் தெரிந்ததை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

விசாவை முதலில் சொல்லிவிடலாம். மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் சுவிட்சர்லாந்துக்குக் குறுகிய காலம் சென்றுவர விசா தேவையில்லை. எந்த 180 நாள் காலத்திலும் 90 நாள் வரை தங்கலாம். திரும்பும் நாளுக்குப் பிறகும் கடப்பிதழ் குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். ஐந்தாண்டுக் கடப்பிதழுக்கு 200 ரிங்கிட். பயணம் உறுதியான பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம். குழுவின் பெயர்ப் பட்டியலைக் கடப்பிதழ் எண்ணோடு முன்கூட்டியே அனுப்பினால்தான் பல அமைப்புகள் உள்ளே விடுகின்றன.

பணம்தான் தோட்டத்துப் பிள்ளைகளைத் தயங்க வைக்கிறது. நாங்கள் போனபோது ஒரு சுவிஸ் பிராங்க் ஐந்து ரிங்கிட்டுக்கு மேல். பல்கலைக்கழகம் ஒரு பகுதியைத் தந்தது. மீதியை நாங்கள்தான் திரட்ட வேண்டியிருந்தது. அம்மா செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர். வீட்டிலிருந்து அவ்வளவு தொகை வராது என்பது தெரிந்த விஷயம். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்ன வழி கைகொடுத்தது. உதவி கேட்டு எழுதும் கடிதத்தில் ‘ஏழை மாணவி’ என்பதை முன்னால் வைக்காமல், போய் எதைக் கற்றுவரப் போகிறேன், வந்து ஊருக்கு எதைச் செய்யப் போகிறேன் என்பதை முன்னால் வைக்கச் சொன்னார். விமானச் சீட்டு, தங்குமிடம், உணவு, காப்புறுதி என்று தனித்தனியாகச் செலவுக் கணக்கை இணைத்தேன். கோயில் நிர்வாகம், கூட்டுறவுச் சங்கம், பள்ளியின் முன்னாள் மாணவர்கள் என்று சிறு சிறு தொகையாகச் சேர்ந்தது. முதலாளிகள் துண்டு துண்டாக விற்ற தோட்டங்களை வாங்கத் தொழிலாளர்களிடமே பங்குப் பணம் சேர்த்து, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கிய சமூகம் நம்முடையது. சிறு தொகைகளை ஒன்றுதிரட்டுவது நமக்குப் புதியதில்லை. கேட்பதில் வெட்கம் வேண்டாம். கணக்கு மட்டும் திருத்தமாக இருக்கட்டும்.

அங்கே செலவைக் குறைக்கச் சில வழிகள் உண்டு. ஜெனீவாவில் விடுதியில் தங்குபவர்களுக்கு நகரத்து டிராம், பஸ்ஸில் இலவசமாகப் போய்வரப் பயண அட்டை தருகிறார்கள். கேட்டு வாங்குங்கள். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். சமையலறை உள்ள விடுதியாகத் தேடுங்கள். பருப்புப்பொடி, ஊறுகாய், அரிசி கொண்டுபோகலாம். இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோக அனுமதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். நம் ஊர் மின்செருகி அங்கே பொருந்தாது. சுவிட்சர்லாந்துக்கென்றே தனி வகை இருக்கிறது. புதுச் சப்பாத்தை அங்கே போய் முதன்முதலாகப் போடாதீர்கள், நாள் முழுதும் நடை.

இவை எல்லாம் ஒரு மாலையில் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியவை. ஒரு கேள்வியை ஆயத்தம் செய்ய அதைவிட அதிக நாள் தேவைப்படும்.

எங்கள் விரிவுரையாளர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். ஒவ்வொருவரும் தம் ஊரிலிருந்து ஒரு கேள்வியோடு வர வேண்டும். அந்த அமைப்பின் இணையத்தளத்தில் பதில் இருக்கும் கேள்வி கூடாது. விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது, அம்மா வேலை செய்யும் தோட்டத்தில் தொழிற்சங்கக் கிளைத் தலைவரைப் போய்ப் பார்த்தேன். நாங்கள் அவரைத் தலைவர் என்றே அழைப்போம். காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து ஆட்கள் கலைந்த நேரம். ஜெனீவாவில் தொழிலாளர் அமைப்புக்குப் போகிறேன் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. “போய் ஒன்று மட்டும் கேட்டுவா அம்மா” என்றார். “அங்கே எழுதுகிற சட்டம் இந்த லயத்து வாசல் வரை எப்படி வந்து சேரும் என்று கேள்.” லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பு.

அதைக் கேள்வியாக்கப் படிக்க வேண்டியிருந்தது. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு நார்ம்லெக்ஸ் என்ற தரவுத்தளத்தை நடத்துகிறது. எந்த நாடு எந்த உடன்படிக்கையை எந்த ஆண்டு ஏற்றது, எதிலிருந்து விலகியது, நிபுணர் குழு என்ன கருத்துச் சொன்னது என்பதெல்லாம் அதில் உண்டு. கட்டணம் இல்லை, கைப்பேசியிலேயே படிக்கலாம். மலேசியப் பக்கத்தைத் திறந்து உட்கார்ந்தேன். 1957இல் நாம் உறுப்பு நாடானோம். அமைப்பாக ஒன்றுசேரவும் கூட்டாகப் பேரம் பேசவும் உரிமை தரும் 98ஆம் உடன்படிக்கையை 1961இல் ஏற்றோம். சங்கம் அமைக்கும் சுதந்திரத்துக்கான 87ஐ ஏற்கவில்லை. கட்டாய உழைப்பை ஒழிக்கும் 105ஐ 1958இல் ஏற்று 1990இல் விலகினோம். பிறகு 2022இல், கட்டாய உழைப்பு உடன்படிக்கையின் 2014ஆம் ஆண்டு நெறிமுறையை ஏற்றோம். தோட்டத் தொழிலாளர்களுக்கென்றே 1958இல் இயற்றப்பட்ட 110ஆம் உடன்படிக்கை ஒன்று இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. சம்பளம், வார ஓய்வு, பேறுகாலப் பாதுகாப்பு, குடியிருப்பு, மருத்துவம் என்று ஒரு தோட்டத்து வாழ்க்கை முழுவதும் அதில் அத்தியாயம் அத்தியாயமாக இருக்கிறது. அதை நம் நாடு ஏற்கவில்லை. தலைவர் கேட்டதும் இந்த இடைவெளியைப் பற்றித்தான் என்று புரிந்தது.

சந்திப்புக் கேட்டு அமைப்புகளுக்குக் கடிதம் எழுதும் மாணவர் குழுவில் நானும் இருந்தேன். அந்த வேலையில் கற்றது இன்றும் பயன்படுகிறது. ‘உங்கள் அமைப்பைப் பற்றி அறிய விரும்புகிறோம்’ என்று எழுதினால், வருகிற எல்லாக் குழுக்களுக்கும் சொல்லும் அறிமுக உரைதான் கிடைக்கும். எத்தனை பேர், என்ன படிக்கிறோம், எந்த நாள், எந்தப் பொருளில் உரையாட விரும்புகிறோம் என்பதைத் திட்டமாக எழுத வேண்டும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு, 110ஆம் உடன்படிக்கை என்று குறிப்பிட்டு எழுதியதால், அந்தத் துறையை உண்மையிலேயே அறிந்த ஓர் அதிகாரி எங்களைச் சந்திக்க வந்தார். மாதங்களுக்கு முன்பே எழுதுங்கள். பதில் வராவிட்டால் மரியாதையாக மீண்டும் எழுதுங்கள்.

செப்டம்பர் விடுமுறையில் போனோம். மனித உரிமை மன்றத்தின் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது. பழைய உலக நாடுகள் சங்கத்துக்காகக் கட்டப்பட்ட ‘நாடுகளின் மாளிகை’ இப்போது ஐ.நா.வின் ஜெனீவா தலைமையகம். வாசலுக்கு எதிரே, ஒரு கால் உடைந்த மரநாற்காலி 12 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. கண்ணிவெடியில் கால் இழந்தவர்களுக்காக 1997இல் வைத்தது. அதன் கீழே தமிழ் கேட்டது. ஈழத் தமிழர்கள் பதாகைகளோடும் காணாமற்போன பிள்ளைகளின் படங்களோடும் நின்றிருந்தார்கள். எங்கள் பேச்சைக் கேட்டு ஓர் அம்மா அருகில் வந்து, எந்த இடம் பிள்ளைகள் என்று விசாரித்துச் சூடான தேநீர் ஊற்றிக் கொடுத்தார். ஆண்டுதோறும் வருவதாகச் சொன்னார். உள்ளே போனபின் மனித உரிமை மன்ற மண்டபத்தின் புகழ்பெற்ற வண்ணக் கூரையைக் காட்டினார்கள். ஸ்பானிய ஓவியர் மிக்கேல் பார்சேலோ 2008இல் முடித்தது. கூரையிலிருந்து வண்ணங்கள் உறைந்து தொங்குகின்றன. அழகுதான். ஆனால் எனக்கு அங்கே அதிகம் கற்றுத்தந்தவர் வெளியே தேநீர் தந்த அந்த அம்மா. மண்டபத்தில் ஒரு நாடு தீர்மானம் கொண்டுவருவதற்குப் பின்னால் எத்தனை ஆண்டுகள் யாரெல்லாம் வெயிலிலும் குளிரிலும் நிற்கிறார்கள் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு அப்படிக் காட்டியதில்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தில் உரை நன்றாக இருந்தது, நேரம்தான் போதவில்லை.

உலக வாணிக அமைப்பு ஏரிக்கரையில் இருக்கிறது. கட்டடத்தின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1926இல் இது தொழிலாளர் அமைப்புக்காகத் திறக்கப்பட்டது. வாயிலுக்கு மூன்று சாவிகள்: அரசுக்கு ஒன்று, முதலாளிக்கு ஒன்று, தொழிலாளிக்கு ஒன்று. தொழிலாளர் அமைப்பு 1970களில் புதுக் கட்டடத்துக்குப் போன பின், வாணிக அமைப்பின் முன்னோடி இங்கே குடியேறியது. உழைப்பைப் போற்றிய சுவரோவியங்கள் மறைக்கப்பட்டு, பல்லாண்டுகளுக்குப் பிறகு மீண்டும் வெளிக்கொண்டுவரப்பட்டன. அவற்றின் கீழே நின்றுகொண்டு செம்பனை எண்ணெய் வழக்கைப் பற்றிக் கேட்டோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் உயிரி எரிபொருள் விதிகள் நம் எண்ணெய்க்குப் பாதகமானவை என்று மலேசியா 2021 ஜனவரியில் இந்த அமைப்பிடம் புகார் தந்தது. 2024 மார்ச்சில் வெளியான விசாரணைக் குழுவின் அறிக்கை, அந்த விதிகளை வகுக்க ஒன்றியத்துக்கு உள்ள உரிமையைப் பெரிதும் ஏற்றது. விதிகளைத் தயாரித்து நடைமுறைப்படுத்திய விதத்தில் குறைகளைச் சுட்டியது. வழக்கு முழுவதும் காடு, கரிமம், சந்தை. மட்டை வெட்டுகிறவரும் பழம் பொறுக்குகிறவரும் அதில் எங்கும் இல்லை. அங்கே வழக்காட அரசுகளுக்கு மட்டுமே இடம் உண்டு. எந்த அமைப்புக்குப் போனாலும் இங்கே யார் பேசலாம், யார் பேச முடியாது என்று கேளுங்கள். அந்த அமைப்பு எப்படி இயங்குகிறது என்பதில் பாதி அந்தப் பதிலிலேயே விளங்கிவிடும்.

தொழிலாளர் அமைப்பில் பதில் வேறாக இருந்தது. 1919இல் வெர்சாய் உடன்படிக்கையோடு பிறந்த அமைப்பு இது. ஆண்டுதோறும் ஜூன் மாதம் கூடும் மாநாட்டுக்கு ஒவ்வொரு நாடும் நான்கு பேராளர்களை அனுப்புகிறது. அரசுக்கு இருவர், முதலாளிகளுக்கு ஒருவர், தொழிலாளர்களுக்கு ஒருவர். தொழிலாளர் பேராளர் தம் அரசுக்கு எதிராகவே வாக்களிக்கலாம். ஐ.நா. குடும்பத்தில் வேறெங்கும் இப்படி இல்லை.

என் முறை வந்தபோது எழுதிவைத்திருந்ததைப் படித்தேன். “என் அம்மா மலேசியாவில் செம்பனைத் தோட்டத் தொழிலாளி. தோட்டத் தொழிலாளர்களுக்காக நீங்கள் இயற்றிய 110ஆம் உடன்படிக்கையை எங்கள் நாடு ஏற்கவில்லை. அப்படியானால் அதனால் என் அம்மாவுக்கு என்ன பயன்?” அதிகாரி சற்று நேரம் யோசித்தார். பிறகு தாம் ஆயத்தம் செய்துவந்த தாள்களை ஓரம் வைத்துவிட்டுப் பேசினார்.

ஏற்காத உடன்படிக்கையை எந்த நாட்டின் மீதும் திணிக்க முடியாது என்று மறைக்காமல் சொன்னார். ஆனால் ஏற்காத உடன்படிக்கைகளைப் பற்றியும் அறிக்கை தரும்படி நாடுகளைக் கேட்க அமைப்புக்கு அதிகாரம் உண்டு. சங்கம் அமைக்கும் உரிமை பறிக்கப்பட்டால், 1951இல் அமைக்கப்பட்ட சங்கச் சுதந்திரக் குழுவிடம் புகார் செய்யலாம். நாடு 87ஐ ஏற்றிருக்க வேண்டியதில்லை. தனி ஆள் எழுதினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தொழிற்சங்கம் எழுத வேண்டும். கட்டாய உழைப்புக்கு அமைப்பு வகுத்த 11 அடையாளங்களையும் எடுத்துக்காட்டினார். அடையாள ஆவணங்களைப் பிறர் பிடித்துவைத்துக்கொள்வது அவற்றில் ஒன்று. 2020இல் அமெரிக்கச் சுங்கத்துறை இரண்டு பெரிய மலேசிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெயைத் தடுத்தபோது இந்த அடையாளங்களைத்தான் அளவுகோலாகக் கொண்டது. ஜெனீவாவில் எழுதிய ஒரு பட்டியல், சட்டமாகாமலேயே, வேறொரு நாட்டின் துறைமுகம் வழியாக நம் தோட்டத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இன்று நம் தோட்டங்களில் வேலை செய்கிற வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

தலைவரின் கேள்விக்கு எனக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது. இங்கிருந்து ஒரு சங்கம் எழுத வேண்டும், அல்லது அங்கே எழுதியதை இங்கே ஒருவர் படிக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் தாளில் எழுதியது தாளிலேயே இருந்துவிடும்.

செஞ்சிலுவை அருங்காட்சியகத்தைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கனமாக இருக்கிறது. முதல் உலகப் போரில் பிடிபட்ட இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகளைத் தேடிக் கண்டறிய எழுதிய அட்டைகள் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கடுக்காக நிற்கின்றன. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பெயர். என் பாட்டியின் அப்பாவை ஜப்பானியர் காலத்தில் தோட்டத்திலிருந்து சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசாயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை, 1942க்கும் 1943க்கும் இடையில் போடப்பட்டது. மலாயாத் தோட்டத் தமிழர்கள் எத்தனை ஆயிரம் பேர் அங்கே மாண்டார்கள் என்பதற்கு இன்றும் மதிப்பீடு மட்டுமே இருக்கிறது. அந்தப் பாதையோரம் உள்ள காஞ்சனபுரிப் போர்க்கல்லறையில் படைவீரர்களின் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நம்மவர்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை.

அது ஏன் என்று வழிகாட்டியிடம் கேட்டேன். 1929ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை போர்க்கைதிகளான படைவீரர்களைப் பற்றியது. குடிமக்களைப் பாதுகாக்கும் நான்காவது உடன்படிக்கை 1949இல்தான் வந்தது என்றார். சட்டம் யாரைப் பார்க்கிறதோ அவர்களுக்கே அட்டை எழுதப்படுகிறது. கூலித் தொழிலாளிக்கு அப்படி அட்டை எழுதவைக்கும் ஜெனீவா உடன்படிக்கை அன்று இல்லை. இந்தக் காரணத்தை எங்கள் வீட்டில் இதுவரை எவரும் அறிந்திருக்கவில்லை. ஊர் திரும்பியதும் பாட்டியிடம் உட்கார்ந்து, அவர் அப்பாவின் பெயர், தோட்டம், அழைத்துப்போன கங்காணி, உடன் போனவர்கள், திரும்பி வந்தவர்கள் யார் என்று அனைத்தையும் பதிவு செய்தேன். உங்கள் வீட்டில் அப்படிச் சொல்லக்கூடிய ஒருவர் இருந்தால், எந்தப் பயணத்துக்கும் காத்திராமல் இன்றே பதிவு செய்யுங்கள்.

வந்த பின் செய்யும் வேலையில்தான் பயணத்தின் பயன் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு ஆங்கிலத்தில் அறிக்கை கொடுத்தோம். அதோடு நிறுத்தாமல், தமிழில் சுருக்கமாக ஒன்று எழுதித் தலைவரிடம் கொடுத்தேன். தொழிலாளர் குடியிருப்பு, ஆயா கொட்டகை (குழந்தைக் காப்பகம்), மருத்துவ வசதி பற்றிய நம் நாட்டுச் சட்டம் 1990இல் வந்த 446ஆம் சட்டம். அதையும் 110ஆம் உடன்படிக்கையின் குடியிருப்பு அத்தியாயத்தையும் அருகருகே வைத்துப் படித்தோம். நம் சட்டத்தில் ஏற்கெனவே இருப்பதைக் கேட்டுப் பெறவே சங்கத்துக்கு நிறைய வேலை இருக்கிறது என்றார் தலைவர். எங்களைச் சந்தித்த அதிகாரிக்கும் நன்றிக் கடிதம் எழுதி, அவர் பதில் இங்கே எப்படிப் பயன்பட்டது என்று சொன்னேன். அவர் தொடர்ந்து எழுதுகிறார்.

அந்த அமைப்புகளில் வேலை செய்ய விரும்பும் தம்பி தங்கைகளுக்கு இன்னும் சில. ஐ.நா. செயலகத்தில் பயிற்சிக்குச் சம்பளம் இல்லை. ஜெனீவா போன்ற நகரத்தில் நம் பிள்ளைகளுக்கு அது இயலாத காரியம், எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு. தொழிலாளர் அமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் பயிற்சியாளர்களுக்கு உதவித்தொகை தருகின்றன. அவற்றை முதலில் பாருங்கள். ஐ.நா. தொண்டர் திட்டத்தில் 18 வயது நிறைந்தவர்கள் வீட்டிலிருந்தபடியே இணையவழித் தொண்டு செய்யலாம். மொழிபெயர்ப்பு, தரவு, வடிவமைப்பு என்று பல பணிகள். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் மொழி எடுக்க வாய்ப்பு இருந்தால் பிரெஞ்சு எடுங்கள். ஜெனீவாவில் அதன் தேவையை ஒவ்வொரு நாளும் கண்டேன்.

விமானம் ஏறினால்தான் அனைத்துலக அமைப்பு என்பதும் இல்லை. ஐ.நா.வின் மலேசிய அலுவலகம் புத்ராஜெயாவில் இருக்கிறது. செம்பனை எண்ணெய்க்கான சான்றிதழ் முறையை நடத்தும் நிலைத்தன்மை வட்டமேசை அமைப்பு (RSPO) சுவிஸ் சட்டத்தின் கீழ் பதிவானது. அதன் செயலகம் கோலாலம்பூரில் இயங்குகிறது. உலகின் பல நாடுகளில் மீன்வள ஆய்வு செய்யும் வேர்ல்ட்ஃபிஷ் அமைப்பின் தலைமையகம் பினாங்கில், பத்து மாவுங்கில் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மாலையில் திரும்பிவிடலாம்.

இப்போது ஆறாம் படிவ மாணவர்கள் சிலரோடு பத்து மாவுங்குக்குக் கடிதம் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொருவரும் ஊரிலிருந்து ஒரு கேள்வி கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையை அவர்களுக்கும் வைத்தேன். பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டைகளில் வளர்க்கும் திலாப்பியா மீனைச் சாப்பிடுவது உடலுக்கு நல்லதா, அதை யார் சோதிக்கிறார்கள் என்று ஒரு மாணவி எழுதி வந்திருக்கிறாள். அவள் மாமா அப்படி ஒரு குட்டையில்தான் மீன் வளர்க்கிறார். அந்தக் கேள்வியைக் கடிதத்தின் இரண்டாம் பத்தியில் சேர்த்திருக்கிறோம். அடுத்த வாரம் அனுப்புகிறோம்.